‘சுத்தச் செம்பு’ கேபிள் என்று சொல்லி அலுமினியத்தைத் தலையில் கட்டுகிறார்கள்

ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் ரேடியோ) மின்சாரம் கொண்டுபோகும் டிசி கேபிள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். "12 கேஜ் தடிமன், சுத்தமான செம்பு, 30 ஆம்பியர் தாங்கும்" என்று எனக்கு விற்ற கேபிள் செம்பே இல்லை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்.

என்னுடையது 100 வாட் செட். கேட்கும்போது ஒரு குறையும் இல்லை. மைக்கை அழுத்திப் பேசினால் திரை மங்கும். குரலை உயர்த்தினால் செட்டே அணைந்து மறுபடி எழும். விற்றவரிடம் எடுத்துப் போனேன். பவர் சப்ளையில் கேபிளை மட்டும் மாட்டி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து, "பாருங்க சார், இங்கேயும் 13.8 வோல்ட் இருக்கு. உங்க ரேடியோதான் போச்சு" என்று அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். கரண்ட் ஓடாதபோது எவ்வளவு மட்டமான கம்பியும் முழு வோல்ட்டைக் காட்டும். பேசும்போது செட் 20 ஆம்பியர் இழுக்கும்; அப்போது அளந்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு (பவரைச் சூடாக்கித் தீர்க்கும் ரெசிஸ்டர்) மாட்டி, இழுப்பு ஏறி இறங்காமல் இருக்க எஃப்.எம்.மில் முழு பவரில் வைத்து அளந்தேன். மீட்டரின் ஒரு புரோபை சப்ளையின் பாசிட்டிவ் முனையிலும், இன்னொன்றை ரேடியோ பக்கத்துப் பாசிட்டிவ் முனையிலும் வைத்தால், அந்த ஒரு கம்பியில் மட்டும் எவ்வளவு வோல்ட் காணாமல் போகிறது என்று நேரடியாகத் தெரியும். 1.5 வோல்ட். நெகட்டிவ்வில் 0.9. சப்ளை முனையில் 13.8 அசையாமல் நிற்க, ரேடியோவுக்குப் போனது 11.4தான். பெரும்பாலான செட்டுகளுக்கு 11.7க்குக் கீழே போகக் கூடாது.

பாசிட்டிவ்வில் கூடுதலாகப் போன 0.6 வோல்ட் ஃபியூஸ் ஹோல்டரில். 20 ஆம்பியரில் அது 12 வாட் சூடு. பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பக்கம் இளகியே போயிருந்தது. தீப்பிடிக்காதது என் நல்ல நேரம்.

கேபிளை வெட்டிப் பார்த்தேன். தடித்த ரப்பருக்குள் மெல்லிய கம்பி. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை.

இதற்கு நடுவில் ஒரு ரிப்பேர்க்காரர் சப்ளை வோல்ட்டை ஏற்றிவிடச் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேசும்போது ரேடியோவுக்கு 13.8 கிடைக்க சப்ளையை 16.2க்கு ஏற்ற வேண்டும். மைக்கை விட்ட நொடியில் இழுப்பு ஓரிரு ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய அந்த 16 வோல்ட்டும் அப்படியே செட்டுக்குள் போகும். இந்த செட்டுகள் தாங்குவது 15.9 வரைதான்.

அதே நீளத்துக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் நல்ல ஃபியூஸ் ஹோல்டரும் போட்டேன். இப்போது பேசும்போதும் ரேடியோ முனையில் 13.2 நிற்கிறது. "போச்சு" என்ற அதே ரேடியோதான்.

விற்றவர் பணம் தரவில்லை; வெட்டிய கேபிளை எடுக்க முடியாதாம். அதே சீட்டு ஒட்டி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் ஓர் இழையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.