இலையுதிர்கால நிறங்களில் ஒரு கோட்டுப் போர்வை: நூல் பிரமாதம், தாள் சுமார்

இந்தப் போர்வைப் பின்னல் தொகுப்பில் நூலுக்கு முழு மதிப்பெண் போடலாம். வழிகாட்டித் தாளுக்குப் பாதி. கூட வரும் ஊசியைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சோபா மேல் போட்டுக்கொள்ளும் அளவில், நிறம் நிறமாகக் கோடு போட்ட ஒரு போர்வை பின்னுவதற்கான தொகுப்பு இது. அகலம் 127 சென்டிமீட்டர், நீளம் 152. உள்ளே 100 கிராம் நூல் கண்டுகள் எட்டு. கடுகு மஞ்சள், துரு, அரக்கு, ஆலிவ் பச்சை, மரப்பழுப்பு எல்லாம் ஒவ்வொன்று. சந்தன நிறம் மட்டும் மூன்று. இரண்டு முனைகளைக் கயிறு இணைக்கும் ஒரு சர்குலர் ஊசி, நூல்முனை செருக ஒரு மொட்டை ஊசி, நான்காக மடித்த தாள். இதே மாதிரித் தொகுப்பைப் பல பேர் விற்கிறார்கள். குறை சொல்லப்போவதால் நான் வாங்கியது யாருடையது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

முதலில் நூல். பாதி கம்பளி, பாதி அக்ரிலிக். வொர்ஸ்டட், அதாவது நடுத்தரக் கனம், லேபிளில் 4 என்ற எண் இருக்கும். ஒரு கண்டில் 200 மீட்டர். முனையைப் பிரித்துப் பார்த்தேன்: நான்கு இழை, இறுக்கமான முறுக்கு. இது சின்ன விஷயம் இல்லை. மேடுபள்ளமாகப் பின்னும் வேலைக்கு நூல் உருண்டையாக நிற்க வேண்டும். ஒற்றை இழை நூலிலும், ரோமம் கிளம்பும் நூலிலும் எவ்வளவு அழகாகப் பின்னினாலும் மேடு மழுங்கிப்போகும். இந்த நூலில் பர்ல் கண்ணி (முன்பக்கம் புடைத்து வரும் கண்ணி) ஒவ்வொன்றும் மணி மாதிரி எழும்பி நிற்கிறது. ஊசி முனை இழைகளுக்கு நடுவே குத்தி நூலைப் பிளப்பதும் இல்லை. டிவி பார்த்துக்கொண்டே பின்னுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கலப்பும் சரியான கலப்புதான். முழு அக்ரிலிக்கில் இழுவை இருக்காது, கொஞ்ச நேரம் பின்னினாலே என் கட்டைவிரல் மூட்டு கெஞ்ச ஆரம்பித்துவிடும். கம்பளி விட்டுக்கொடுக்கும். தவிர, தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் கம்பளி தொட்டால் ஈரமாகத் தெரியாது. போர்த்திக்கொண்டு தூங்கினால் பிசுபிசுப்பு இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். அக்ரிலிக் பாதி இருப்பதால் துவைப்பதும் சுலபம்.

நிறங்கள் கண்ணுக்கு விருந்து, அதில் சந்தேகமே இல்லை. அரக்கு நிஜமான அரக்கு, பலர் அந்தப் பெயரில் விற்கும் சிவப்பு இல்லை. துரு நிறத்தில் ஆரஞ்சு அளவோடு நிற்கிறது. ஆனால் ஆறு நிறங்களிலும் ஒவ்வொரு கண்டை வரிசையாக வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அரக்கு, பழுப்பு, ஆலிவ் மூன்றும் ஒரே சாம்பல். தாளில் இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்! பகலில் ஜன்னல் பக்கம் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும். ராத்திரி மஞ்சள் விளக்கில், எட்ட நின்று பார்த்தால், கோடே இல்லாத ஒரு இருட்டுப் பட்டைதான். போர்வையை எடுத்துப் போர்த்துவதே ராத்திரியில்தானே? நான் வரிசையை மாற்றி, மூன்றுக்கும் நடுவே கடுகையும் சந்தனத்தையும் புகுத்திவிட்டேன். நூல் அளவில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

இப்போது தாளின் பெரிய கோளாறுக்கு வருகிறேன். கோடும் மேடுபள்ளமும் சுபாவத்தில் ஒத்துப்போகாதவை. கோடு வேண்டுமென்றால் கண் நிறத்தைப் பார்க்கும். மேடுபள்ளம் வேண்டுமென்றால் நிழலைப் பார்க்கும். அடர் நிறத்தில் நிழல் விழுந்தாலும் தெரியாது. இந்தத் தாளை எழுதியவர் இதை யோசிக்கவே இல்லை. இருப்பதிலேயே மெனக்கெட வேண்டிய கூடைப் பின்னலை, அதாவது நான்கு நிட் (வழுவழுப்பாகப் படியும் கண்ணி) நான்கு பர்ல் போட்டு நான்கு வரிசைக்கு ஒருமுறை இடம் மாற்றுவதை, மரப்பழுப்பில் கொடுத்திருக்கிறார். எண்ணி எண்ணிப் பின்னியதற்குப் பலன், விரலால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு கட்டம். சந்தன நிறத்துக்கு வெறும் நிட் வரிசை, பர்ல் வரிசை. தலைகீழ். கூடையைச் சந்தனத்துக்கும், சீட் ஸ்டிச்சைக் (நிட்டும் பர்லும் மாறி மாறி வந்து, வரிசைக்கு வரிசை இடம் மாறுவது) கடுகுக்கும் கொடுத்துவிட்டு, இருட்டு நிறங்களில் எளிமையாகப் போனால் போர்வை அடையாளமே மாறிவிடுகிறது. ஒரு வரிசைக்குக் கண்ணிக் கணக்கு 216, அது எட்டால் மீதியில்லாமல் வகுபடும் என்பதால் இந்த மாற்றத்துக்கு ஒரு கண்ணி கூடக் கூட்டிக் குறைக்க வேண்டாம். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்காகத் தாளுக்கு ஒரு பாராட்டு.

நிறம் மாறும் இடம்தான் அடுத்தது. தாளில் புது நிறத்தின் முதல் வரிசையிலேயே சீட் ஸ்டிச் தொடங்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் கோட்டின் விளிம்பில் பழைய நிறம் புள்ளி புள்ளியாகத் தலைநீட்டும். முன்பக்கம் பர்ல் போடும்போது புது நூல் பின்னால் போகிறது, கீழே இருக்கும் பழைய கண்ணியின் தலை முன்னால் வந்து உட்காருகிறது. அந்தத் தலை பழைய நிறத்தில்தானே இருக்கும். துருவுக்கு மேல் சந்தனம் வந்தால், நேர்க்கோடு இருக்க வேண்டிய இடம் பல்வரிசை மாதிரி ஆகிவிடும். வைத்தியம் மிகச் சுலபம்: நிறம் மாற்றுவதை எப்போதும் முன்பக்க வரிசையில் வைத்துக்கொண்டு, புது நிறத்தில் முதல் வரிசை முழுக்க நிட் போடுங்கள். அப்புறம் எந்தப் பின்னலுக்கு வேண்டுமானாலும் போகலாம், கோடு சீராக இருக்கும். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட வேண்டிய இந்த ஒரு வரி தாளில் எங்குமே இல்லை. சிலருக்கு அந்தப் புள்ளிகள் பிடிக்கும் என்பதும் உண்மை. பிடித்துப் போடுவது வேறு, தெரியாமல் வந்து விழுவது வேறு.

ரிப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நிட், மூன்று பர்ல் என்று அரக்கு நிறத்தில் அகலமாக ஒரு ரிப், அதாவது நெட்டுக்கு ஓடும் மேடுபள்ளம், கொடுத்திருக்கிறார்கள். ரிப் இயல்பாகவே உள்ளே இழுக்கும், ஸ்வெட்டர் இடுப்பில் அதைப் போடுவதே அதற்காகத்தான். சீட் ஸ்டிச் அகலமாகப் பரந்து உட்காரும். இரண்டையும் ஒரே கண்ணிக் கணக்கில் அடுத்தடுத்துப் பின்னினால் போர்வைக்கு இடுப்பு வந்துவிடும். ஓரம் நெளியும், நனைத்து இழுத்துக் குண்டூசி குத்தினாலும் முழுதாகச் சரியாகாது. அங்கே கார்ட்டர் போடுங்கள், எல்லா வரிசையும் நிட். சுருளாது, படிந்து கிடக்கும். ஒன்று மட்டும் கவனம்: கார்ட்டரில் வரிசைகள் நெருங்கி உட்காருவதால் அதே உயரம் வர அதிக வரிசை பின்ன வேண்டும், நூலும் கூடுதலாக இழுக்கும். பட்டையைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டால் ஒரு கண்டு தாங்கும்.

ஊசி. 5 மில்லிமீட்டர், உலோகம், கயிற்றோடு சேர்த்து 80 சென்டிமீட்டர். 127 சென்டிமீட்டர் அகலத் துணியை இதற்குள் திணிக்க வேண்டும். திணிக்கலாம், பின்னவும் பின்னலாம். ஆனால் கண்ணிகளைத் தள்ளித் தள்ளியே பாதி நேரம் போகும். ஊசி கயிற்றோடு சேரும் இணைப்பில் ஒரு சிறு பிசிறு வேறு. ஒவ்வொரு தடவையும் நூல் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. கயிறு சுருண்டே கிடந்தால் சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு நீட்டிவிடலாம், இணைப்புக்கு வைத்தியம் கிடையாது. என்னிடம் இருந்த 120 சென்டிமீட்டர் மூங்கில் ஊசிக்கு மாறிய பிறகுதான் வேலை நகர்ந்தது. மூங்கில் நூலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், வேகம் குறையும்தான். ஆனால் இவ்வளவு கண்ணியைத் தாங்கும்போது அந்தப் பிடி நல்லது, ஓரத்தில் இருப்பவை நழுவி விழாது.

சந்தன நிறக் கண்டுகள் மூன்றில் ஒன்றுக்குச் சாய எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட கண்டுகளைக் காட்டும் எண்) வேறு. லேபிளைப் படித்தால்தான் தெரியும், கையில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. பின்னிய பிறகு, அகலமான பட்டையின் நடுவே நூல் மாறினால், வெயிலில் ஒரு மங்கலான கோடு காட்டிக்கொடுக்கும். விற்றவர்களுக்கு எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது, "கையிருப்பு இல்லை" என்று. தொகுப்பாகக் கட்டி விற்பவர்கள் செய்யக்கூடாத வேலை இது. பெட்டி வந்ததும் முதல் காரியமாக எண்களைச் சரிபாருங்கள். மாறியிருந்தால், ஒரே எண் உள்ள இரண்டை அகலப் பட்டைகளுக்கு வைத்துக்கொண்டு மூன்றாவதை ஒல்லிக் கோடுகளுக்குத் தள்ளிவிடலாம். இடையில் வேறு நிறம் வந்துவிட்டால் வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

முனைகளைச் செருகும் வேலை உண்டு, அதைத் தப்பிக்க வழியில்லை. பட்டைகள் அகலமானவை என்பதால் நூலை ஓரமாக மேலே தூக்கிக்கொண்டு போக முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். முழுக் கம்பளியாக இருந்தால் இரண்டு முனைகளையும் ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்தே ஒட்டிவிடலாம். பாதி அக்ரிலிக்கில் அது பிடிக்காது. 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அந்தந்த நிறத்துக்குள்ளேயே செருகுங்கள். அவ்வப்போது செருகிக்கொண்டே போவது புத்திசாலித்தனம்.

துவைப்பதைப் பற்றி: அரக்கு சாயம் விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது, அதுவும் சந்தனத்துக்குப் பக்கத்தில். இரண்டையும் சேர்த்து ஒரு மாதிரித் துண்டு பின்னி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, வெள்ளைத் துணியில் சுருட்டிப் பிழிந்தேன். ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை. நனைந்த பிறகு துணி கொஞ்சம் நீளவாக்கில் தளரும், அதனால் கொடியில் தொங்கவிடாமல் தரையில் விரித்துக் காயவையுங்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அதிகச் சூடு பட்டால் அக்ரிலிக் துவண்டுவிடும், மேடெல்லாம் படுத்துவிடும், அப்புறம் எழும்பாது.

அக்கா வீட்டுக்கு வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு, "இந்த மஞ்சள்ல மட்டும் எனக்கு ஒண்ணு பின்னித் தாயேன்" என்றாள். கடுகில் சீட் ஸ்டிச் எடுபடும் அழகு அப்படி. அவளுக்குப் பின்னுவதாக இருந்தால் தொகுப்பு வாங்க மாட்டேன், இதே நூலைத் தனிக் கண்டுகளாக வாங்குவேன். இவர்களே தனியாகவும் விற்கிறார்கள், சாய எண்ணைப் பார்த்து எடுக்கலாம்.

நிட், பர்ல் இரண்டும் கைக்கு வந்து, தாளை மீறிப் போகத் துணிவு இருப்பவர்கள் இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். முதல் போர்வை பின்னுகிறவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். தாளை நம்பிப் போனால் கோணலாக வரும், குற்றம் தங்கள் கையில்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று: ஓரத்தில் குஞ்சம் கட்டச் சொல்லித் தாளின் கடைசியில் ஒரு படம் இருக்கிறது. நான் சொன்ன மாதிரி கார்ட்டர் போட்டால் அரக்கு குஞ்சத்துக்கு மிஞ்சாது. கடுகும் ஆலிவும் மிஞ்சும், குஞ்சம் வேண்டுமென்றால் அவற்றில் கட்டிக்கொள்ளுங்கள்.