பேக்லோஃபென்: மாதக்கணக்கில் எடுத்த பிறகு தெரியவருவது

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயில் கால் விறைப்புக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது பேக்லோஃபென்தான். முதல் வாரத்தை வைத்து இந்த மாத்திரையை எடைபோடக் கூடாது. தூக்கம் தள்ளும், தலை கிறுகிறுக்கும், கால் தொளதொளக்கும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து எடுத்தால்தான் ஒன்று புரியும்: எத்தனை மில்லிகிராம் என்பதற்குச் சமமாக, எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம்.

வழக்கமாக 5 மி.கி. வீதம் மூன்று வேளையில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை வேளைக்கு 5 மி.கி. கூட்டுவார்கள். நாளைக்கு 80 மி.கி. பொதுவான உச்சவரம்பு. பலருக்கு அதற்கு வெகு முன்பே பலவீனம் தலைகாட்டிவிடும். நோயில் பலம் குறைந்த காலை நிமிர்த்தி நிறுத்துவதே பல நேரம் அந்த விறைப்புதான். அதை முழுக்கக் கரைத்துவிட்டால், கட்டிலிலிருந்து எழுந்த இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கும். வலியும் வெட்டியிழுப்பும் அடங்க வேண்டும், எழுந்து நிற்கும் அளவுக்கு விறைப்பு மிஞ்சவும் வேண்டும். அந்த இடம் வந்ததும் டோஸைக் கூட்டுவதை நிறுத்திவிடுவதே நல்லது.

மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதனால்தான் விடியற்காலையில் இரண்டு தொடையும் ஒட்டிக்கொண்டு, பாதம் கீழ்நோக்கி நீண்டு, கால் கட்டையாகக் கிடக்கிறது. இதற்கு மொத்த அளவைக் கூட்டத் தேவையில்லை. முதல் மாத்திரையைத் தண்ணீரோடு தலைமாட்டில் வைத்து, எழுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில், படுத்தபடியே உள்ளங்காலில் துண்டைச் சுற்றி, முழங்காலை நீட்டி, பாதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து 30 முதல் 60 விநாடி பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் சதை இன்னும் இறுகும். வேகமான இழுப்புக்கு எதிர்த்து முறுக்குவதுதான் இந்த விறைப்பின் குணமே. உட்கார்ந்திருக்கும்போது பாதம் தடதடவென்று துள்ளினால், முழங்கால் மேல் கையை வைத்து நேர் கீழே அழுத்தி, குதிகாலைத் தரையில் பதியவையுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

கால்வலி எல்லாமே விறைப்பால் வருவதும் இல்லை. கெண்டைக்கால் உருண்டு திரண்டு பிடிக்கும் வலிக்கு பேக்லோஃபென் கேட்கும். எரிச்சல், சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற வலி, போர்வை பட்டாலே கூசுவது இவையெல்லாம் நரம்பு வலி. அதற்கு கபாபென்டின் போன்ற வேறு மருந்து வேண்டும். கபாபென்டின் விறைப்புக்கும் உதவும் என்பது கூடுதல் லாபம். நடக்கும்போது முழங்கால் பின்னோக்கி வளைவதால் வரும் மூட்டுவலிக்கு மாத்திரையே பதில் இல்லை. பிசியோதெரபிஸ்ட் நடையைப் பார்த்து, கணுக்கால் பட்டை தேவையா என்று சொல்ல வேண்டும்.

மிக அதிகமாகக் கோட்டைவிடும் இடம் இதுதான்: நன்றாக இருந்த கால் இரண்டு நாளில் திடீரென இறுகினால், டோஸ் போதவில்லை என்று நினைத்துவிடுகிறோம். முதலில் சிறுநீர்த் தொற்றைப் பாருங்கள். உணர்வு மங்கியவர்களுக்கு எரிச்சலே தெரியாமல் கால் விறைப்பு மட்டும் ஏறலாம். அடுத்து மலச்சிக்கல், சதைக்குள் வளர்ந்த நகம், படுக்கைப் புண், இறுக்கமான காலுறை, காய்ச்சல். காரணம் போனால் கால் பழையபடி இளகும். அதற்குள் மாத்திரையைக் கூட்டியிருந்தால், மிஞ்சுவது பலவீனம்தான்.

விறைப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான டைசானிடினைப் பற்றிச் சுருக்கமாக: பலவீனம் சற்றுக் குறைவு என்பார்கள். வாய் வறளும், ரத்த அழுத்தம் இறங்கும், கல்லீரல் பரிசோதனை அவசியம். சிப்ரோஃப்ளாக்சசினோடு சேரவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு அந்த மாத்திரையை எழுதுவது சகஜம் என்பதால் இதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான டோஸே தேங்கி, ஓயாத தூக்கமும் குழப்பமும் வரும்.

பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. விறைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். இல்லாதது கண்ணில் தெரியலாம், வலிப்பும் வரலாம். விடுவதென்றால் மருத்துவர் சொல்படி வாரக்கணக்கில் படிப்படியாக. வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றாலோ அறுவை சிகிச்சைக்குப் பட்டினி போட்டாலோ, நின்றுபோகும் வேளைக்கு என்ன செய்வதென்று அன்றே கேட்டுவிட வேண்டும். பயணத்தில் மாத்திரை அட்டை பயணப்பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்கட்டும்.