வீணைக்கு எந்தப் பிக்கப்: காந்தமா, கான்டாக்டா?

கச்சேரி மேடையில் தஞ்சாவூர் வீணையின் ஒலியைப் பெருக்க மூன்று வழிகள் உண்டு. குடத்துக்கு எதிரே மைக் வைக்கலாம். தந்திகளுக்குக் கீழே காந்தப் பிக்கப்பை (பிக்கப் என்பது அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி) பொருத்தலாம். குடத்தின் மேற்பலகையில் கான்டாக்ட் பிக்கப்பை ஒட்டலாம். மூன்றையும் மேடையில் வாசித்துப் பார்த்த பிறகு நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். சில ஆண்டுகளாக அதையே வைத்திருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நல்ல கண்டன்சர் மைக்குக்கு ஈடு எதுவும் இல்லை. மேடையிலோ, வீணையின் மெல்லிய நாதம் கேட்கும் அளவுக்கு மைக்கைத் திறந்தால் பக்கத்திலுள்ள மிருதங்கமும் அதில் ஏறிவிடும். இன்னும் சற்றுத் திறந்தால் ஒலிபெருக்கியின் ஒலியே மைக்குக்குத் திரும்பி வந்து ஊளை கிளம்பும். எனவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

காந்தப் பிக்கப்பில் ஒரு நிலைக்காந்தமும், அதைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட சுருளும் இருக்கும். எஃகுத் தந்தி அந்தக் காந்தப் புலத்துக்குள் அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் ஹவாயியன் கிட்டாரில் வந்த அதே தத்துவம்தான் இது. ஒற்றைச் சுருள் மண்டபத்து மின்விளக்குகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் என்பதால், 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் வடிவமைத்ததைப் போன்ற இரட்டைச் சுருள் அமைப்பே வீணைக்கும் ஏற்றது. இந்த வகையின் பெருமையை மறைக்க முடியாது. குடத்தின் அதிர்வை இது நேரடியாக வாங்குவதில்லை. அதனால் ஊளையிடுவது குறைவு. ஒரே மீட்டில் நாதம் நீண்டு நிற்பதால் இழுப்புக் கமகங்கள் (தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைப்பவை) கடைசி அசைவு வரை காதில் விழுகின்றன. இரட்டைத் தந்திகளைக் களைந்து ஐந்து ஒற்றைத் தந்திகளோடு எலெக்ட்ரிக் மாண்டலினை வாசித்த யு. ஸ்ரீநிவாஸ், அந்தச் சிறிய வாத்தியத்தில் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை முழுமையாகக் கொண்டுவந்தார் என்றால், அதில் இந்தத் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் வீணை மாண்டலின் அல்ல. காந்தம் எஃகை மட்டுமே நன்றாக உணரும். நான்கு வாசிப்புத் தந்திகளில் சாரணியும் பஞ்சமமும் எஃகுத் தந்திகள். மற்ற இரண்டான மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பழைய வழக்கப்படி பித்தளைத் தந்தி கட்டியிருந்தால், காந்தத்தைப் பொறுத்தவரை அவை இல்லாத மாதிரிதான். எஃகு நடுக்கம்பியின் மேல் வேறு உலோகம் சுற்றிய தந்திக்கு மாறினால் ஒலி வரும். ஆனால் அப்போது பிக்கப்புக்காக வாத்தியத்தின் குரலையே மாற்றியவர்களாகிறோம். அடுத்தது தாளத் தந்திகள். பக்கவாட்டில் தனி வளைவின் மேல் செல்லும் அந்த மூன்று தந்திகள், நான்கு வாசிப்புத் தந்திகளுக்குக் கீழே கிடக்கும் காந்தத்துக்கு எட்டத்தில் இருப்பதால் அமுங்கியே கேட்கும். தானம் (ராகத்தைத் தாளமின்றி, ஆனால் லயத்தோடு விரிக்கும் பகுதி) வாசிக்கும்போது சுண்டுவிரல் போடும் அந்த மீட்டு அமுங்கினால் தானத்தின் நடையே போய்விடுகிறது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய குறை.

கான்டாக்ட் பிக்கப்பின் உள்ளே இருப்பது அழுத்தத்துக்கு மின்னழுத்தம் தரும் பீசோ வில்லை. கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த பண்பு இது. தந்தி எந்த உலோகமாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் பாலம்) வழியாகப் பலகைக்கு வரும் அதிர்வு எல்லாவற்றையும் இது எடுத்துக்கொள்ளும். ஏழு தந்திகளும் கேட்கும், பலா மரத்தின் குரலும் கேட்கும். கூடவே மெட்டில் விரல் உரசுவதும், குடத்தில் வளையல் தட்டுவதும் கேட்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதன் மீது பலரும் வைக்கும் குற்றச்சாட்டு, ஒலி தகரம் போல் இருக்கிறது என்பது. பெரும்பாலும் அது பிக்கப்பின் குறையன்று, இணைக்கும் முறையின் குறை. சாதாரண வில்லை ஒன்றின் மின்தேக்கத்திறன் சுமார் 20 நானோஃபாரட். அதை மிக்சரின் 10 கிலோ ஓம் உள்ளீட்டில் நேராகச் செருகினால், சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் இறங்கத் தொடங்கும். மூன்று கட்டையில் (மேற்கத்திய E சுருதியில்) சுருதி சேர்த்த வீணையில் சாரணி ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 124, மந்தரம் 82, அனுமந்தரம் 62. நான்கு தந்திகளின் அடிநாதமும் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. பிறகு மிஞ்சுவது தகர ஒலிதானே. இடையில் 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றை வைத்தால் அதே எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அனுமந்தரம் முழு உடலோடு எழும். ப்ரீஆம்ப் வாங்க மனமில்லாதவர்கள் கான்டாக்ட் பிக்கப்பையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இத்தனைக்கும் பிறகும் ஒலியை மட்டும் வைத்து முடிவு செய்வதானால், இரண்டுக்கும் ஆதரவாக நெடுநேரம் வாதாடலாம். எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு.

வீணை அசையாமல் நிற்கும் வாத்தியம் அன்று. மெழுகின் மேல் பதித்த இருபத்துநான்கு மெட்டுகளும் காலப்போக்கில் தேயும், மெழுகு கோடையில் இளகும், மீண்டும் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குப் பொருத்திப் பதிக்க, வேண்டி வரும். குதிரையின் மேலுள்ள தகட்டில் தந்திகள் பள்ளம் வெட்டும்; அதை அராவிச் சரிசெய்தால் தந்திகளின் உயரம் சற்று இறங்கும். நாதத்துக்கு இவை வழக்கமான வேலைகள். காந்தப் பிக்கப்புக்கோ ஒவ்வொரு முறையும் புது அளவு. காந்தத்துக்கும் தந்திக்கும் இடைவெளி சிறிது கூடினால் ஒலி மெலியும். குறைந்தால் காந்தமே தந்தியை இழுத்து நாதத்தைச் சுருக்கும், மந்தர ஸ்தாயியில் சுருதி தள்ளாடும். ஒரு தந்திக்குச் சரியாக வைத்தால் இன்னொன்று உரக்கப் பேசும். மேளம் கட்டுபவர் பிக்கப்பைத் தொடமாட்டார், கிட்டார் பழுது பார்ப்பவருக்கு வீணை தெரியாது. கடலோர ஈரக்காற்றில் மெல்லிய சுருள் உள்ளுக்குள் அறுந்துபோனால், திரும்பச் சுற்றித் தரும் ஆளைத் தேடி அலைய வேண்டும்.

கான்டாக்ட் பிக்கப்பில் கெடுவதற்கு இரண்டே இடங்கள்: வில்லை விரியலாம், கம்பியைப் பற்றவைத்த இடம் விட்டுப்போகலாம். மின்னணுக் கடைகளில் வெறும் வில்லை சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். பற்றவைக்க ரேடியோ பழுது பார்ப்பவரே போதும். ஒட்டும் முறையில்தான் கவனம் வேண்டும். தடித்த நுரை நாடா மேல் நாதத்தை விழுங்கிவிடும். உறுதியான பசை பலகையின் மெருகை உரித்துவிடும். நான் தேன்மெழுகைப் பட்டாணி அளவு எடுத்து, விரலால் பிசைந்து இளக்கி, வில்லையின் பின்புறம் காகிதக் கனத்துக்குத் தேய்த்து, குதிரையின் காலிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி அழுத்திவைக்கிறேன். அங்கிருந்து நடுப்பலகைப் பக்கம் நகர்த்த நகர்த்த அடிநாதம் பெருகும், காலை நெருங்க நெருங்க மீட்டின் கூர்மை தெரியும்; அரை அங்குலத்திலேயே வேறுபாடு கேட்கிறது. கச்சேரி முடிந்ததும் கழற்றினால் பலகையில் தடம் எதுவும் இருக்காது. வெயிலில் திறந்தவெளி மேடை என்றால் மெழுகு இளகிவிடும் என்பதால் வாசிப்பதற்கு முன் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. ப்ரீஆம்ப்பின் 9 வோல்ட் பேட்டரிக்கும் ஒரு விதி உண்டு: பல கருவிகளில் கேபிள் செருகியிருக்கும் வரை மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்தவுடன் உருவிவிட வேண்டும்.

ஊளை விஷயத்தில் கான்டாக்ட் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. ஒலிபெருக்கியின் அதிர்வு குடத்தில் மோதி வில்லைக்கே திரும்பி வருகிறது. ப்ரீஆம்ப்பில் ஃபேஸ் மாற்றும் (ஒலி அலையைத் தலைகீழாக்கும்) பொத்தான் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்; மிச்சத்தை, குமுறும் அலைவரிசையை மட்டும் ஒலி அமைப்பாளர் குறைத்துச் சமாளிக்கலாம். சபா அரங்குகளிலும் சிறிய கோயில் மண்டபங்களிலும் இது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தவில், கீபோர்டு, டிரம்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய மேடை அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே காந்தப் பிக்கப்பே தாக்குப்பிடிக்கும் என்று அப்படி வாசிப்பவர்கள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். அவர்கள் வாங்கும்போது, ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிக் காந்தமுனை உள்ளதைத் தவிர்த்து, ஒரே நீள்பட்டையாக உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. மேல் ஸ்தாயி மெட்டுகளில் தந்தியை இழுக்கும்போது அது பிக்கப்புக்கு மேலேயும் பக்கவாட்டில் நகர்கிறது. தனி முனையைவிட்டு விலகிய தந்தியின் ஒலி, கமகத்தின் உச்சியில் சரியாக அமுங்கிவிடும்.