ஞாயித்துக்கிழமை காலைல ரோட்டோரம் உக்காந்து படம் வரையுற கூட்டம்: சில வருஷ அனுபவம்

சென்னைல காசு வாங்காம கத்துக்கொடுக்குற, சேர்ந்து ஏதாவது செய்யுற கூட்டம் நிறைய இருக்கு. பார்க்ல சத்தமில்லாம உக்காந்து புக் படிக்கிறவங்க, கேமராவ தூக்கிட்டு ராயபுரம் பக்கம் சுத்துறவங்க, கம்ப்யூட்டர்ல லினக்ஸ் சொல்லித்தர்றவங்கன்னு. நாலஞ்சுக்கு போய் பாத்திருக்கேன், ஆனா வருஷக்கணக்கா விடாம போறது ஸ்கெட்ச்சிங் கூட்டத்துக்கு மட்டும்தான். "எப்படி இருக்கும், சேரலாமா, ஒண்ணுமே வரையத் தெரியாதே"ன்னு ஆபீஸ்லயும் சொந்தக்காரங்களும் கேட்டுட்டே இருக்காங்க, அதான் முழுசா எழுதிடலாம்னு.

முதல்ல இது என்னன்னு சொல்லிடுறேன். சியாட்டில்ல ஒரு பத்திரிகைக்கு வரைஞ்சுட்டிருந்த காப்ரியேல் கம்பனாரியோ 2007ல ஆரம்பிச்ச அர்பன் ஸ்கெட்சர்ஸ்ங்கிற விஷயம் உலகம் முழுக்க பரவிடுச்சு, நிறைய ஊர்ல அதே மாதிரி கூட்டம் இருக்கு. அடிப்படை ரொம்ப சிம்பிள்: போட்டோ பாத்து வரையக்கூடாது, அந்த இடத்துக்கே போய் கண்ணால பாத்து வரையணும், சேர்ந்து வரையணும். நாங்க காலைல ஒரு இடத்துல கூடுவோம், ஆளுக்கொரு மூலைல உக்காந்துடுவோம், ரெண்டு மணி நேரம் கழிச்சு எல்லார் புக்கையும் தரையில வரிசையா விரிச்சு வச்சு பாப்போம். ஃபீஸ் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது, வாத்தியார்னு தனியா யாரும் கிடையாது.

வாத்தியார் இல்லாம எப்படி கத்துக்குவீங்கன்னு கேப்பீங்க. பக்கத்துல உக்காந்துதான். சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட செனட் ஹவுஸ் வரைய போனப்போ (சிஷோம்ங்கிற வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் கட்டினது, 1879ல முடிச்சாங்க, நம்ம ஊர் பாணியும் ஐரோப்பிய பாணியும் கலந்த இந்தோ சாராசனிக்னா முதல்ல ஞாபகம் வர்ற கட்டடம்) அந்த வளைவு ஜன்னல்கள பாத்தாலே மலைப்பா இருக்கும், ஒவ்வொண்ணா கோடு போட்டா பொழுது போயிடும். பக்கத்துல இருந்த ஆர்க்கிடெக்சர் படிக்கிற பொண்ணு சொன்னா, "அக்கா, ஜன்னல வரையாதீங்க, ஜன்னலுக்குள்ள இருக்குற இருட்ட மட்டும் வைங்க"ன்னு. பிரஷ்ல கருநீலத்த தொட்டு சின்னச் சின்னதா வச்சுட்டே போனா, அரை நிமிஷத்துல கட்டடம் எழும்பி நிக்குது. அதே மாதிரி கண்மட்டம். நின்னு வரைஞ்சா ஒரு மாதிரி, தரையில உக்காந்தா கண்மட்டம் கீழ இறங்கிடும், கபாலீஸ்வரர் கோபுரம் 37 மீட்டரும் மேல மேல போற மாதிரி தெரியும், முதல்ல பொம்மைகள எண்ணாம ஓரக்கோட்ட மட்டும் படிப்படியா குறுகுற மாதிரி போட்டுக்கணும். இதெல்லாம் யூட்யூப்லயும் இருக்கும்தான், ஆனா பக்கத்துல ஒருத்தர் பென்சில நீட்டிப் பிடிச்சு, ஒரு கண்ண மூடி, கட்டை விரலால உயரத்த அளக்குறத பாத்தாத்தான் கைக்கு வரும்.

சொல்லித்தர்றது கூட்டத்துல இருக்குறவங்க மட்டும் இல்ல. மயிலாப்பூர் வடக்கு மாட வீதில எங்க கூட்டத்து ரிட்டயர்டு சார் ஒருத்தர் பூக்கடைய வரைஞ்சுட்டிருந்தார், பூ கட்டிட்டிருந்த அம்மா ரொம்ப நேரம் எட்டிப் பாத்துட்டு, "ஏன் சார், குடைய நேரா நட்டுட்டீங்க? அது தெரு பக்கம் சாஞ்சுதான் நிக்கும், வெயில் அந்தப் பக்கத்துலேர்ந்து வருதுல்ல"ன்னாங்க. சார் நிமிந்து பாத்தாரு, ஆமா, சாஞ்சுதான் இருக்கு, கம்பிய கயித்தால கட்டி கல்லு வச்சிருக்கு. அடுத்த பக்கத்துல திரும்ப போட்டார், அந்த அம்மாவுக்கு அவ்வளவு திருப்தி. பாக்குறதுன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் நல்லா புரிஞ்சுது.

இன்னொண்ணு, ஊர் மாறிட்டே இருக்கு. லஸ் பக்கம், கச்சேரி ரோடு பக்கம் மெட்ரோ வேலைக்கு தகரத் தடுப்பு வச்சதுக்கு அப்புறம் முன்னாடி உக்காந்து வரைஞ்ச கோணமே இப்ப கிடைக்கல. பழைய புக்க புரட்டினா நான் வரைஞ்ச ஓட்டு வீடு, திண்ணை வச்ச கடைன்னு சிலது இப்ப தரைமட்டம். சென்னையோட பிறந்தநாள் கொண்டாட்டமான மெட்ராஸ் டே 2004ல ஆரம்பிச்சதுலேர்ந்து ஆகஸ்ட்ல ஊரப்பத்தி நிறைய நடை, பேச்சு, கண்காட்சின்னு நடக்குது, அந்த வாரத்துல எங்க கூட்டத்துக்கும் நிறைய புது ஆள் வருவாங்க. ஜனவரில மயிலாப்பூர் திருவிழா கோலப் போட்டியும் விடக்கூடாத நாள், ஆள் குனிஞ்ச நிலையில நகந்துட்டே இருப்பாங்க, முதுகு வளைவ ஒரே கோட்டுல பிடிக்கணும், நல்ல பயிற்சி.

இப்ப குறைகளுக்கு வர்றேன், இதச் சொல்லாம ரிவ்யூ எழுதுறது நியாயமில்ல. ஃப்ரீன்னு சொல்றோம், ஃபீஸ் மட்டும்தான் ஃப்ரீ. நல்ல பேப்பர் 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கிற கணக்கு) மேல இல்லன்னா தண்ணி பட்டதும் சுருண்டுக்கும், வாட்டர்ப்ரூஃப் பேனா இல்லன்னா கலர் வச்சதும் கோடெல்லாம் கரைஞ்சு ஓடும், இதுக்கெல்லாம் காசு வேணும். பெண்களுக்கு பெரிய கஷ்டம் பாத்ரூம், மூணு மணி நேரம் தெருவுல இருக்கணும்னா எங்க போறது? இதனாலயே வர்றத நிறுத்தின ரெண்டு பேர எனக்குத் தெரியும். சில இடத்துல வாட்ச்மேன் வந்து "பர்மிஷன் இருக்கா"ன்னு கேட்டு எழுப்பி விட்டுடுவாங்க, கூட்டத்துல யாராவது தைரியமா பேசுறவங்க இருந்தா பரவாயில்ல, தனியா மூலைல உக்காந்திருந்தா சங்கடம்தான்.

எல்லாத்தையும் விட என்னை உறுத்தினது இங்கிலீஷ். மெசேஜ் இங்கிலீஷ், கடைசில புக் பாக்குறப்போ பேச்சும் இங்கிலீஷ். மாநகராட்சி ஸ்கூல்ல படிக்கிற ஒரு பையன் அவங்கப்பாவோட வந்தான், என்ன அழகான கோடு தெரியுமா, மீன் வண்டிய சக்கரத்தோட, அந்த ஐஸ் பெட்டில வழியுற தண்ணியோட போட்டிருந்தான். யாரோ "லவ்லி லைன் குவாலிட்டி"ன்னு சொல்லிட்டு நகந்துட்டாங்க, அவன் அப்பா முகத்தப் பாக்குறான். அப்புறம் அந்த ரிட்டயர்டு சார்தான் அவன் பக்கத்துல உக்காந்து "கண்ணா, இந்த சக்கரம் எப்படிப்பா இவ்வளவு சரியா வந்துச்சு, எனக்குச் சொல்லு"ன்னு கேட்டார். பையன் வாய தொறந்தா நிறுத்தல. இப்பவும் வந்துட்டிருக்கான். ஆனா அப்படி ஒரு சார் இல்லாத அன்னைக்கு வந்து திரும்பிப் போனவங்க எத்தனை பேரோன்னு எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

இதப் பேசிப் பேசி சிலது மாத்தியிருக்கோம். மெசேஜ் ரெண்டு மொழிலயும் போகுது. மிச்சமிருக்குற பேனா, பாதி தீர்ந்த புக், கேம்லின் கலர் டப்பா எல்லாத்தையும் ஒரு பொதுப் பைல போட்டு கொண்டு வர்றோம், வெறுங்கையோட வந்தாலும் வரையலாம். இடம் முடிவு பண்றதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் போய் பாத்ரூம் இருக்கா, பஸ் இருக்கா, நிழல் எந்தப் பக்கம்னு பாத்துட்டு வர்றாங்க. எழும்பூர் மியூசியம் மாதிரி இடம் இந்த விஷயத்துல வசதி, ஆனா உள்ள போக டிக்கெட் எடுக்கணும், வெள்ளிக்கிழமை லீவு. இந்த வேலையெல்லாம் சம்பளம் இல்லாம செய்யுறது மூணு நாலு பேர், அவங்களுக்கும் வீடு, ஆபீஸ் இருக்கு, சோர்ந்து போறாங்க. வந்து வரைஞ்சுட்டு மட்டும் போகாம ஒரு தடவையாவது அந்தப் பைய தூக்கிட்டு வர்ற பொறுப்ப எடுத்துக்கோங்க.

யாருக்கு சரிவரும்? வரிசையா பாடம் வேணும், சர்டிஃபிகேட் வேணும்னா இது வேண்டாம், காசு கட்டி கிளாஸ் போங்க, தப்பில்ல. வரையவே தெரியாதவங்க தாராளமா வரலாம். மே மாசம் கலர் வைக்க வைக்க காஞ்சுடும், மழைக்காலத்துல காயவே காயாது, அதனால ஆரம்பத்துல வெறும் பேனா போதும். ஏழு மணிக்கெல்லாம் வந்துடுங்க, ஒன்பதுக்கு மேல நிழல் இருக்காது, தண்ணி பாட்டிலும் தொப்பியும் மறக்காதீங்க, உக்கார ஒரு பழைய நியூஸ்பேப்பர்.