யார் பெயரிலும் இல்லாத லீடுகள்: பொதுப் பட்டியலோடு இரண்டு வருடம்

சென்னையில் ஓஎம்ஆர், ஜிஎஸ்டி ரோடு பக்கம் அடுக்குமாடி வீடு விற்கும் எட்டுப் பேர் கொண்ட குழு எங்களுடையது. யாருக்கும் ஒதுக்காத லீடுகளை, அதாவது வீடு வாங்க விசாரித்தவர்களின் பெயர், நம்பரை, ஒரு பொதுப் பட்டியலில் விட்டு, முடிந்தவர் எடுத்துக்கொள்ளும் முறைக்கு சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருளில்) மாறி இரண்டு வருடம் ஆகப்போகிறது. நாங்கள் வைத்திருக்கும் மென்பொருளின் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்த வசதி பலவற்றில் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸில் அதற்கு க்யூ என்று பெயர், அமெரிக்க ரியல் எஸ்டேட் ஏஜென்ட்கள் பயன்படுத்தும் ஃபாலோ அப் பாஸ் என்ற மென்பொருளில் பாண்ட், அதாவது குளம். பட்டியலைக் குழுவில் எல்லோரும் பார்க்கலாம். ஒருவர் எடுத்துவிட்டால் லீடு அவர் பெயருக்கு மாறிவிடும்.

இதற்கு முன் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடியது. மேனேஜர் நம்பரைப் போடுவார், முதலில் ‘நான்’ என்று போட்டவருக்கு அது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் போட்டுவிட்டு இருவருமே கூப்பிடுவார்கள். “இப்பதானே உங்க ஆபீஸ்லருந்து ஒரு தம்பி பேசினாரு” என்று எதிர்முனையில் கடுப்பாவார்கள். இப்போது ஒருவர் எடுத்ததும் அடுத்தவர் பட்டியலிலிருந்து அது போய்விடுகிறது. இந்த ஒரு நிம்மதிக்காகவே மாறலாம்.

ஆனால் வேகம் தானாக வந்துவிடாது. 2011 மார்ச்சில் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஆய்வை இந்தத் தொழிலில் பலரும் சொல்வார்கள்: ஆன்லைனில் விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிடும் நிறுவனங்கள், அதற்குப் பிறகு கூப்பிடுகிறவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு அதிகமாக உருப்படியான பேச்சுவார்த்தைக்குப் போகின்றன என்று. எங்கள் ஆட்களும் அதைக் கேட்டவர்கள்தான். லீடை எடுப்பதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை, கூப்பிடுவதில்தான் தாமதம். காலையில் பட்டியலைத் திறந்ததும் பட்ஜெட் பெரிதாக இருப்பதையெல்லாம் ஒருவரே அள்ளி வைத்துக்கொள்வார், மாலை வரை ஒரு கால்கூடப் போயிருக்காது. பட்டியல் மட்டும் காலியாக, பார்க்க அழகாக இருக்கும்.

அதனால் என்னைக் கேட்டால், இந்த வசதியின் தரத்தை ‘எடு’ பட்டனை வைத்துப் பார்க்கக் கூடாது. லீடு எப்படித் திரும்புகிறது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். எங்களிடம் இப்போது இரண்டு கட்டுப்பாடுகள். கூப்பிடாத லீடு ஒருவர் கையில் ஐந்து இருந்தால் ஆறாவதை எடுக்க முடியாது. எடுத்து இரண்டு மணி நேரத்தில் கால் பதிவாகவில்லை என்றால் அது தானாகப் பொதுவுக்கே போய்விடும். இது முதல் நாளே வந்த வசதி இல்லை. விற்றவரிடம் மல்லுக்கட்டித்தான் தானியங்கி விதியாக எழுதி வாங்கினோம். வாங்கும் முன் டெமோவில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் குறிப்பு. திரும்பி வந்த லீடில் முன்பெல்லாம் ‘ஆர்என்ஆர்’ என்ற மூன்றெழுத்துதான் இருக்கும், ரிங் போனது, எடுக்கவில்லை என்று அர்த்தம். எப்போது கூப்பிட்டார், எத்தனை தடவை என்று ஒன்றும் தெரியாது. இப்போது காரணம் எழுதாமல் விடுவிக்க முடியாது. ‘சிங்கப்பூரில் இருக்கிறார், நம் நேரம் சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூப்பிடவும், அம்மாதான் வீடு பார்ப்பார்’ என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனது அடுத்தவருக்கு சைட் விசிட் ஆனது.

புதுச் சூட்டோடு வரும் விசாரணைகளுக்குப் பொதுப் பட்டியல் சரிப்படாது என்பது என் கருத்து. அவற்றை முறை வைத்து வரிசையாகக் கொடுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் தொடாததை மட்டும் பொதுவில் விடுவதே நல்லது. பொதுப் பட்டியல் ஜொலிப்பது பழைய லீடுகளில்தான். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, அதன் பக்கத்தில் இருக்கும் வண்டலூர், ஊரப்பாக்கம் எல்லாம் தூரம் என்று முன்பு ஒதுக்கியவர்களைத் தேடி எடுத்துப் பேச முடிந்தது. வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில் தூங்கிக்கொண்டிருந்த நம்பர்கள் அவை.

இன்னும் தீராத தலைவலி ஒரே ஆள் இரண்டு லீடாக வருவது. வீடு விளம்பரம் போடும் ஒரு போர்ட்டலிலிருந்து நம்பர் +91 சேர்த்து வருகிறது, ஃபேஸ்புக் ஃபார்மில் முன்னால் சைபர் போட்டுத் தருகிறார்கள். கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிடச் சொல்லி இதை ஓரளவு சமாளித்தோம். ஆனால் கணவர் ஒரு நம்பரிலும் மனைவி வேறு நம்பரிலும் அதே வீட்டை விசாரித்தால் எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது. சைட்டில் இருவரும் ஒரே காரில் வந்து இறங்கும்போதுதான் எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இன்சென்டிவ் சண்டை அங்கேதான் ஆரம்பம். எங்கள் ஏற்பாடு: முதலில் சைட்டுக்கு அழைத்து வந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு, டோக்கன் அட்வான்ஸ் வாங்கி முடித்தவருக்கு மீதி. இதை மென்பொருளில் பதிய இடமில்லை, ஒரு லீடுக்கு ஒரு உரிமையாளர்தான். இன்னமும் மாதக் கடைசியில் மேனேஜர் எக்செல்லைத் திறந்துதான் கணக்குப் போடுகிறார்.