எங்க ராட்வீலர் நாய்க்கு வாங்குன கூடை மசில் (கடிக்காம இருக்க வாய்ல மாட்டற கூடு), ஆறு மாசம் போட்டுப் பார்த்ததுல

எதுக்கு வாங்குனேன்னு முதல்ல சொல்லிடறனுங்க. வாசல் கேட்டோட கொண்டி (தாப்பாள்) சரியா விழாம இருந்துச்சு, மாத்தோணும் மாத்தோணும்னு நாலு நாளா சொல்லிட்டே கிடந்தேன், அஞ்சாவது நாள் விடியால பால் ஊத்த வந்த அண்ணன் கையை எங்க பையன் (நாயைத்தானுங்க சொல்றேன், மூணு வயசு, நாப்பத்தஞ்சு கிலோ) நாலு பல்லு பதியக் கவ்விட்டான். பைப்படில உக்கார வெச்சு கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவி ஜிஎச்சுக்குக் கூட்டிட்டு ஓடுனேன், காயத்தைச் சுத்தி ஒரு ஊசி, அப்புறம் ரேபிஸ் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28ஆவது நாள்னு நாலு தடவையும் நான்தான் வண்டில கூட்டிட்டுப் போனது. அந்தண்ணன் ஒரு வார்த்தை திட்டலைங்க, அதுதான் இன்னும் உறுத்துது.

வக்கீலா இருக்கற மாமன்கிட்ட கேட்டப்ப, வளர்க்கற பிராணியை அசால்ட்டா விட்டா பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 289ல அபராதம் 1000 ரூவா வரைக்குந்தான், 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 291, ஜெயிலு அதே ஆறு மாசம் வரைக்கும், இல்லைன்னா 5000 வரைக்கும் அபராதம், ரெண்டுங்கூட போடலாம்னாரு. அதுல ராட்வீலர், பிட்புல்னு எந்தப் பேரும் கெடையாது, நாட்டு நாயா இருந்தாலும் வெச்சிருக்கறவன் அசால்ட்டா இருந்தா மாட்டுவான். 2024 மார்ச்ல மத்திய அரசு ராட்வீலரையும் சேர்த்து 23 நாய் ஜாதிக்குத் தடை போடச் சொல்லி மாநிலங்களுக்கு லெட்டர் விட்டப்ப தூங்காம கிடந்தவன் நான், டெல்லி ஐகோர்ட்டு ரத்து பண்ணதும் அப்பாடான்னு இருந்துட்டேன், கொண்டிய மட்டும் மாத்தலை.

சரி, மசிலுக்கு வர்றேன். முதல்ல ஆன்லைன்ல 350 ரூவாய்க்கு நைலான்ல ஒண்ணு வாங்குனேன், தண்டம். வாயை இறுக்கிப் புடிச்சுக்குது, நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சாத்தானே சூடு இறங்கும், பங்குனி வெயில்ல ரெண்டாவது தெருவுலயே கண்ணு செவந்து படுத்துட்டான். டாக்டர் ஊசி போடற அஞ்சு நிமிசத்துக்கு ஆகும், வாக்கிங்குக்கு ஆகாதுங்க.

அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு கடைல 900 ரூவா, ரப்பர் மாதிரி வளையற கூடை. கன்னுக்குட்டி மண்ணு திங்காம இருக்க வாய்க்கூடு கட்டுவோமே, அதே சங்கதிதான். உள்ளயே வாயைத் திறக்கலாம், இரைக்கலாம், சட்டில தண்ணி வெச்சா கூடையோட முக்கி சளக் சளக்குன்னு குடிக்கறான். கடைக்காரர் டேப்பு வெச்சு மூக்கு நீளம், வாய் சுத்தளவு ரெண்டும் அளந்து குடுத்தாரு, ஆன்லைன்ல வாங்கறவங்க நாயோட ஜாதியைப் பார்த்து சைஸ் போடாதீங்க, அளந்துட்டு வாங்குங்க.

குறைன்னா, காதுக்குப் பின்னாடி வார் ஒரசி முடி கொட்டுது, பக்கிள் நாலாவது மாசமே துருப் புடிச்சிருச்சு. நெத்தி வார் இல்லாத மாடல் வேண்டவே வேண்டாம், முன்னங்காலைப் போட்டு ஒரே இழுப்புல கழட்டிடுவான். வாங்குன அன்னைக்கே மாட்டாதீங்க, அவிச்ச முட்டையை உள்ள தடவி, தானா மூக்கை நுழைக்கற வரைக்கும் விடோணும், எங்களுக்குப் பத்து நாள் ஆச்சு.

அஞ்சுக்கு நாலு குடுக்கலாம். புதுக் கொண்டி 120 ரூவாதானுங்க ஆச்சு. பால்கார அண்ணன் இப்பவும் கேட்டுக்கு வெளிய நின்னு, கம்பி வழியா நீட்டற சொம்புலதான் ஊத்தறாரு.