தேதியை இன்சர்ட் செய்ய: ஸ்ட்ரிங்கா, பாராமீட்டரா?

டாட் நெட்டில் ப்ரோக்ராம் எழுதி எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் சேமிக்கிறவர்களுக்குத் தேதியை இன்சர்ட் செய்ய இரண்டு வழி. தேதியை ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்தாக) மாற்றி, மேற்கோளுக்குள் போட்டு, சர்வருக்குப் போகும் கட்டளையான குவரியோடு ஒட்டலாம். அல்லது குவரியில் இடம் மட்டும் விட்டு, தேதியைத் தனியே பாராமீட்டராகக் கொடுக்கலாம். (டேபிளில் தேதிக்கே வார்ச்சார், அதாவது எழுத்து வகைக் காலம் (column) வைக்கிறவர்களும் உண்டு. மாதவாரி ரிப்போர்ட் ஒன்று கேட்டால் போதும், திருந்திவிடுவார்கள்.) நான் பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு பாராமீட்டருக்கு வந்தவன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

பாராமீட்டர் இன்ஜெக்‌ஷனைத் தடுக்கும், அதாவது டைப் செய்யும் எழுத்துக்குள் யாரும் கட்டளையைச் சொருகிவிடாமல் காக்கும் என்பது தெரிந்த கதை. என்னை மாற்றியது ஒரு மருந்து மொத்தக் கடையின் பில்லிங். மே 2 அன்று அங்கே புது கம்ப்யூட்டர் வைத்தார்கள். பழையதில் விண்டோஸ் ரீஜன் இந்தியா, புதியதில் அமெரிக்கா. என் ப்ரோக்ராம் தேதியை விண்டோஸ் ரீஜன் முறையிலேயே டூஸ்ட்ரிங் செய்து (ஸ்ட்ரிங்காக்கி) ஒட்டியதால், மாதம் முன்னால் வந்து 5/2 என்று போனது. சர்வருக்குள் நுழையும் லாகினுக்கு வைத்திருந்த மொழியோ பிரிட்டிஷ் இங்கிலீஷ். நாளைத்தான் முதலில் படிக்கும். மே 2 பில் பிப்ரவரி 5-இல் போய் உட்கார்ந்தது. மே 12 பில், இன்னும் வராத டிசம்பர் 5-இல். எர்ரர் ஒன்றுமில்லை. 13-ஆம் தேதி காலையில்தான், 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால், பில் நின்றது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு தம்பி" என்றார் கடைக்காரர்.

பில் நம்பர் வரிசையாக இருந்ததால் சரிசெய்ய முடிந்தது. இல்லாவிட்டால் நிஜமான பிப்ரவரி 5 பில் எது, வழிதவறி வந்தது எது என்று யார் சொல்வது? கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாளில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பது போக, வருடத்தில் 132 நாள் இப்படிச் சத்தமில்லாமல் இடம் மாறக்கூடியவை.

ஃபார்மேட்டை நிலையாக வைத்தால் போதுமே என்பார்கள். எதை வைப்பது? 2024-03-05 பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் டேபிளில் அந்தக் காலம் (column) டேட்டைம் வகையாக இருந்து, லாகின் பிரிட்டிஷ் இங்கிலீஷாகவும் இருந்தால், அது மே 3. டேட், டேட்டைம்2 வகைகளில் இந்த வம்பு இல்லை. நடுவில் கோடு (-) போடாமல் 20240305 என்று எழுதினால் எங்கும் மார்ச் 5-தான். சரி, அதையே வைத்து ஓட்டலாமே? ஓட்டலாம், தேதி வரும் ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் எழுதினால். நானும் முதலில் அப்படித்தான் சரிசெய்தேன். சரக்கு ரிட்டர்ன் ஸ்க்ரீனை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அது பல்லைக் காட்டியது. பாராமீட்டரில் வகையை டேட் என்று சொல்லி தேதியைத் தேதியாகவே கொடுத்துவிட்டால் ஃபார்மேட் என்ற பேச்சே எழாது. ஆனால் டெக்ஸ்ட்பாக்ஸில் இருக்கும் எழுத்தை அப்படியே ஆட்வித்வேல்யூவில் (வகை சொல்லாமல் பாராமீட்டர் சேர்க்கும் வழி) தூக்கிப் போட்டால் அது பெயருக்குத்தான் பாராமீட்டர். உள்ளே போவது பழைய ஸ்ட்ரிங்தான்.

வெற்றுத் தேதியிலும் இதே கதை. எக்ஸ்பைரி போடாத மருந்துக்கு வெறும் மேற்கோள் போனால், சர்வர் அதை 1900 ஜனவரி 1 என்று எழுதிக்கொள்ளும். பாராமீட்டரில் டிபிநல் (மதிப்பு இல்லை என்ற குறி) அனுப்ப வேண்டும். மறந்துபோய் டாட் நெட்டின் வெற்றுத் தேதியான 0001 ஜனவரி 1-ஐ டேட்டைம் வகைப் பாராமீட்டரில் அனுப்பினால், அது 1753-இல்தான் தொடங்குகிறது என்று எர்ரர் வரும். (பிரிட்டன் காலண்டர் மாற்றியது 1752-இல், அந்தக் குழப்பத்துக்குள் போகாமல் அடுத்த வருடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.) தப்பான தேதியோடு ஓடுவதைவிட நின்றுவிடுவது எனக்குச் சௌகரியம்.

ஒட்டும் முறைக்கு ஒரு நல்லது உண்டு: ஓடியதைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலிலிருந்து குவரியை காப்பி செய்து, சர்வரில் குவரி ஓட்டும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் நான் பார்த்தது நாளுக்குச் சில நூறு பில்தான். லட்சக்கணக்கில் ஏற்றுகிறவர்கள் என் பேச்சை நம்ப வேண்டாம். கையால் ஒரே தடவை ஓட்டும் ஸ்கிரிப்ட்டில் இன்றும் மேற்கோளுக்குள் 20240305-தான் எழுதுகிறேன்.